சோலைக்குள் ஒரு சீழ்க்கை

வாசகர் கேள்வி பதில்

தென்மேற்குப் பருவமழை ஆனைமலையில் இறங்கிவிட்டால், நமக்கு வரும் கடிதங்களும் மலையேறிவிடுகின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வால்பாறை, டாப்ஸ்லிப், சிறுவாணிப் பக்கத்து ஈரக்காடுகளில் கேட்ட குரல்களைப் பற்றியவை. பார்த்த பறவையைவிடக் கேட்ட பறவையைப் பற்றியே பலரும் எழுதியிருப்பதால், இந்த இதழின் பதில்களையும் காதை முன்னிறுத்தியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆடி மாதத்தில் வால்பாறையில் உள்ள என் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தோம். விடிவதற்கு முன், இருட்டிலேயே, யாரோ ஒரு பையன் ஓடைப் பக்கமாக நின்றுகொண்டு சீழ்க்கை அடிப்பதுபோலக் கேட்டது. பாட்டுக்கு ஒரு மெட்டும் இல்லை, முடிவும் இல்லை. சித்தப்பா அது குருவி என்கிறார். என்னால் நம்ப முடியவில்லை. (பொள்ளாச்சி வாசகி)

பதில்: உங்கள் சித்தப்பா சொன்னதுதான் சரி. அது சீகாரப் பூங்குருவி. ஆங்கிலேயர்களுக்கும் உங்களுக்கு வந்த ஐயமே வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில் மெட்டு மறந்துபோன ஒரு சிறுவன் சீழ்க்கை அடித்துக்கொண்டே நடப்பதுபோல இருக்கிறது என்று, அதற்குச் சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றே அவர்கள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதியிருக்கும் ‘மெட்டும் இல்லை, முடிவும் இல்லை’ என்ற வரியைவிடச் சுருக்கமாக அந்தப் பாட்டை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. ஏறுவதுபோல ஏறி, பாதியில் மனம் மாறியதுபோல இறங்கி, நடுவில் சற்று நின்று, விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் தொடங்கும்.

மைனாவைவிடச் சற்றுப் பெரிய பறவை அது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயில் ஒரு கீற்று விழுந்தால்தான் நெற்றியிலும் தோளிலும் உள்ள நீலம், தீக்குச்சி உரசியதுபோலச் சட்டென்று ஒளிரும். அது பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியே வாழ்கிறது. பாறை இடுக்கில் பூச்சி, நத்தை, சிறு நண்டு ஆகியவற்றைத் தேடித் தின்னும், பழங்களையும் விடாது. அருவியின் சாரல் தெறிக்கும் பாறைத் திட்டிலோ ஓடைக்கரை இடுக்கிலோ பாசியும் மண்ணும் வேரும் சேர்த்துக் கூடு கட்டும். அதன் இனப்பெருக்கக் காலம் கோடையில் தொடங்கி மழைக்காலம் வரை நீள்வதால், சமவெளிப் பறவைகள் பலவும் அடங்கிக் கிடக்கும் ஆனி, ஆடியில் இது உரக்கப் பாடுகிறது. குளிர்காலத்தில் இதே ஓடைக்குப் போனால் பாட்டு இராது. தண்ணீருக்கு மேலாகத் தாழப் பறக்கும்போது ‘க்ரீ...’ என்று ஊசி குத்துவதுபோல ஒற்றைக் குரல் மட்டும் கேட்கும்.

அந்த ஊசிக் குரலுக்கு ஒரு காரணம் உண்டு. ஓடையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளால் ஆனது. அதற்குள் தாழ்ந்த குரலில் கூப்பிட்டால் கரைந்துபோகும். ஆற்றோரப் பறவைகள் பலவற்றின் அழைப்பொலி உயரமாகவும் கூர்மையாகவும் இருப்பதை உலகின் பல இடங்களிலும் கவனித்திருக்கிறார்கள். ஆழியாற்றுக்கு மேலே உள்ள சிற்றோடைகளில் அதை நாமே காதால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை போகும்போது இருட்டில் அதைத் தேடி வெளியே இறங்க வேண்டாம். வால்பாறையில் விடியலுக்கு முன் யானையும் சிறுத்தையும் நடமாடும். சன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருங்கள், போதும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போனதற்கு அந்த ஒரு பாட்டே ஈடாகும்.

கேள்வி: மூடுபனி ஒலியை அமுக்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால், ஈரமலைகளில் பறவைக் குரல் தூரம் போகாது அல்லவா? அதே நேரத்தில் அங்கே குரல்கள் மிகத் தெளிவாகக் கேட்பதாகவும் எழுதுகிறார்கள். எது சரி? (ஈரோடு, பொறியியல் மாணவர்)

பதில்: கண் காண்பதற்கும் காது கேட்பதற்கும் இடையில் நாம் போடும் தவறான முடிச்சு இது. எதிரே இருக்கும் மரம் தெரியாதபோது, அந்த மரத்திலிருந்து வரும் குரலும் மங்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. உண்மையில், பறவைகள் பாடும் உயர்ந்த சுருதியில் உள்ள ஒலியை, ஈரம் மிகுந்த காற்றைவிட வறண்ட காற்றுதான் அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பங்குனி வெயிலில் காங்கேயத்து மேய்ச்சல் காட்டில் நூறு அடி தள்ளிக் கேட்கும் கீச்சொலியைவிட, அட்டகட்டிக்கு மேலே மழை விட்ட காலையில் அதே தொலைவில் கேட்கும் கீச்சொலி துல்லியமாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

இதோடு விடியற்காலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருக்கும் நேரத்தில், மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் கீழே வருகிறது. ஒரு பள்ளத்தாக்கின் அடுத்த பக்கத்தில் கூவும் சாம்பல் காட்டுக்கோழி நம் முதுகுக்குப் பின்னால் கூவுவதுபோல அப்போது தோன்றும். காற்றும் அந்த வேளையில்தான் அடங்கியிருக்கும்.

காட்டில் குரலுக்கு உண்மையான எதிரி பனி அன்று. இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் தண்ணீர், ஓடை இரைச்சல், சிள்வண்டு ஆகியவையே எதிரிகள். இவற்றுக்கு அடுத்தது எதிரொலி. அடர்ந்த காட்டில் அடுக்கடுக்கான அடிமரங்களில் ஒலி பட்டுச் சிதறுவதால், வேகமாக அடுக்கி வரும் துடிப்பொலிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். நீட்டி இழுத்த சீழ்க்கை குழம்புவதில்லை. வெட்டவெளிப் பறவைகளில் பல கடகடவென்று கொட்டுவதும், சோலைப் பறவைகளில் பல நிறுத்தி இழுத்துப் பாடுவதும் இதனால்தான் என்று ஒலியியலாளர்கள் கருதுகிறார்கள். எல்லாப் பறவைக்கும் பொருந்தும் விதியாக இதைக் கொள்ள வேண்டாம். நம் மாநிலப் பறவையான மரகதப்புறா மற்றொரு வழியைப் பிடித்திருக்கிறது: காட்டுத் தரையை ஒட்டித் தவழ்ந்து வரும் ஆழமான ‘ஹூம்’ ஒன்றையே அது திரும்பத் திரும்பச் சொல்லும். கேட்கிறதா, நெஞ்சுக்குள் உணர்கிறோமா என்று பிரித்தறிவது கடினம்.

கேள்வி: பறவை பார்க்கும் ஆசையில் புதிய இருகண் நோக்கி வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வால்பாறையில் அலைந்தேன். பத்துப் பறவைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கருவி சரியில்லையா, நான் சரியில்லையா? பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. (காரமடை வாசகர்)

பதில்: முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். 10 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் உள்ள கருவியாக இருந்தால், உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 4.2 மில்லிமீட்டர். அதே 42 மில்லிமீட்டரில் பெருக்கம் 8 மடங்கு என்றால் அந்த அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மதியத்திலும் மாலைபோல இருண்டிருக்கும் சோலைக்குள், கண்ணின் பாவை விரிந்து நிற்கும்போது, இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய வேறுபாட்டைத் தரும். கை நடுக்கமும் 10 மடங்கில் கூடுதலாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். ஆகவே, ஈரக்காட்டுக்கு 8 மடங்கே ஏற்றது என்பது என் கருத்து. வாங்கியதை விற்றுவிட வேண்டாம். சூலூர்க் குளத்திலும் சிங்காநல்லூர்க் குளத்திலும் நீர்ப்பறவை பார்க்க அதுவே நல்லது. மழைக்காட்டிலிருந்து திரும்பியதும் உறையோடு மூடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இரவெல்லாம் திறந்து வைத்துக் காயவிட்டு, பிறகு சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் அதைப் பழுது பார்க்கும் செலவு புதிய கருவியின் விலையைத் தொட்டுவிடும்.

இனி உங்களைப் பற்றி. ‘அலைந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சோலைத் துண்டின் ஓரத்தில் நானும் இப்படித்தான் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நீங்க நடந்துக்கிட்டே இருந்தா அதுக எப்படிங்க வரும்? செத்த நேரம் உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. காலணியில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, இடப்பக்கத்துப் புதருக்குள்ளிருந்து கிசுகிசுப்பாகப் பேச்சுக் குரல் போன்ற ஒலி கேட்டது. பழுப்புக் கன்னம் கொண்ட சிறு சிலம்பன்கள் நாலைந்து தாழ்ந்த கிளைகளில் தாவிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு மேலே தலைகீழாக மரத்தில் இறங்கிய ஒரு நீலப் பறவை, அதற்கும் மேலே செம்மஞ்சளும் கறுப்புமாக மின்சிட்டு இணை ஒன்று, ஓரமாக ஒரு மரங்கொத்தி, எல்லாவற்றுக்கும் பின்னால் துடுப்புவால் கரிச்சான். ஐந்து நிமிடத்துக்குள் ஏழு வகைப் பறவைகள் என்னைக் கடந்து போய்விட்டன. அதன் பிறகு காடு மீண்டும் வெறுமையானது.

ஈரக்காட்டுப் பறவை பார்த்தலில் இதைப் புரிந்துகொள்வதுதான் பாதிப் பாடம். சமவெளியில் வேலிக்கு ஒரு பறவை என்று பரவியிருப்பதுபோல, சோலையில் அவை எங்கும் சீராகப் பரவி இருப்பதில்லை. பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடி நகர்கின்றன. பருந்தையோ வல்லூறையோ பார்த்துக்கொள்ளப் பல கண்கள் கிடைக்கின்றன. ஒன்று கிளப்பிவிட்ட பூச்சி மற்றொன்றுக்கு இரையாகிறது. கூட்டம் வரும்போது எல்லாம் வரும். வராதபோது ஒன்றும் இராது. அந்தக் கூட்டம் வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும், நடக்கும் செருப்புச் சத்தம் அதை மறைக்காத வரையில். மழை விட்டதும் கிடைக்கும் முதல் அரைமணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். நனைந்து பட்டினி கிடந்தவை எல்லாம் அப்போது ஒரே நேரத்தில் வெளியே வரும்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? (அதே வாசகர்)

பதில்: முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுத் துணிக் காலுறை. புகையிலைத் தண்ணீர், உப்பு, சுண்ணாம்பு எல்லாம் மழை பெய்தால் கழுவிப் போய்விடும்.

கேள்வி: ஊட்டியில் சிரிப்பதுபோலக் கத்தும் பறவை ஒன்றைப் பார்த்தேன், வயிறு செம்பழுப்பாக இருந்தது. ஆனைமலையின் புல்மலைப் பக்கம் போனபோதும் அதேபோன்ற சிரிப்பு கேட்டது. ஆனால் பறவையின் நெஞ்சு சாம்பல் நிறமாக இருந்தது. ஆணும் பெண்ணுமா, அல்லது வயது வேறுபாடா? (கோவை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, நீங்கள் கண்டது இரண்டு வெவ்வேறு இனங்களை. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது எது என்றால், கோவையில் குடியிருக்கும் நீங்கள் ஆண்டுதோறும் ஆனியிலும் ஆடியிலும் சன்னலை இழுத்துச் சாத்த வைக்கும் அந்தக் காற்று வரும் வாசல்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும். நமக்கு அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். குளிர்ந்த உயர்மலைச் சோலையைவிட்டு இறங்காத ஒரு சிறு பறவைக்கு, வெக்கையான அந்தத் தாழ்நிலம் கடல்போன்றது. மலையுச்சிச் சோலைகளை ஆய்வாளர்கள் ‘வானத் தீவுகள்’ என்று அழைப்பது இதனால்தான். நெடுங்காலமாக இரு கரையிலும் தனித்தனியே வாழ்ந்த கூட்டங்கள் தனித்தனி இனங்களாகிவிட்டன. நீலகிரியில் நீங்கள் பார்த்தது நீலகிரிச் சிரிப்பான். புல்மலையில் பார்த்தது பழனிமலை, ஆனைமலைப் பகுதிக்கு உரிய சிரிப்பான். இதேபோல செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது.

நெடுங்காலம் இவற்றை இமயமலையிலும் பிற ஆசியப் பகுதிகளிலும் உள்ள சிரிப்பான்களோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வின் பின், 2017-இல் இவற்றுக்கென்று மாண்டிசின்க்ளா என்ற புதிய பேரினம் அமைக்கப்பட்டது. அதே ஆய்வில் மற்றொரு பேரினமும் பிறந்தது. தமிழ் வாசகருக்கு அதன் பெயர் மகிழ்ச்சி தரும்: சோலிகோலா. ‘சோலை’ என்ற நம் சொல்லோடு, ‘வாழ்வது’ என்று பொருள்படும் லத்தீன் விகுதி சேர்ந்தது. கரும்பலகைபோன்ற நீலநிறத்தில், தரையை ஒட்டிய இருட்டில் தத்தித் திரியும் அந்தச் சிறு பறவையிலும் நீலகிரிக்கு ஓர் இனம், விலா செம்பழுப்பு. ஆனைமலை, பழனிமலைக்கு ஓர் இனம், வயிறு வெண்மை. இவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். சோலிகோலாவின் பாட்டைப் பல மலைகளில் பதிவு செய்து ஒப்பிட்டபோது, கணவாயால் தொன்மையில் பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறுபடுவது மட்டுமன்றி, அண்மைக் காலத்தில் காடு அழிந்ததால் துண்டுபட்ட கூட்டங்களின் பாட்டிலும் வேறுபாடு தெரிந்தது. இரண்டிலும் மாறியிருந்த கூறுகள் ஒன்றல்ல. பாடும் பறவைகள் பலவும் தம் பாட்டை அண்டை அயலாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்பவை என்பதை நினைத்துக்கொண்டால் இது வியப்பாக இராது. கரூர்ப் பேச்சும் கோவைப் பேச்சும் வேறுபடுவதற்கு மரபணு மாற வேண்டியதில்லை அல்லவா.

கேள்வி: ஆனைகட்டி அருகே காட்டுப் பாதையில் பாம்புண்ணும் பருந்தின் கூவல் கேட்டு நிமிர்ந்தால், கிளையில் உட்கார்ந்திருந்தது வாலில் இரண்டு கம்பி தொங்கும் கறுப்புப் பறவை. அதுவேதான் கத்தியது, என் கண்ணால் பார்த்தேன். பிறகு குக்குறுவானைப்போலவும் கத்தியது. (பெரியநாயக்கன்பாளையம் வாசகர்)

பதில்: துடுப்புவால் கரிச்சான். நம் தோட்டத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவிக்குக் காட்டு அண்ணன். அந்தக் கம்பிகளின் நுனியில் சிறு துடுப்புப்போல இறகு விரிந்திருக்கும். பறக்கும்போது இரண்டு வண்டுகள் அதைத் துரத்துவதுபோலத் தோன்றும்.

பிற பறவைகளின் குரலை இப்படி எடுத்தாள்வது வெறும் விளையாட்டு என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். இலங்கையின் மழைக்காட்டில் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. கலப்புக் கூட்டத்தில் இருக்கும் பிற பறவைகளின் குரலை இது கூவும்போது அந்தப் பறவைகள் அருகே வருகின்றன, கூட்டம் சேர்கிறது, அவை கிளப்பும் பூச்சி இதற்கு எளிதாகக் கிடைக்கிறது. வேட்டைப் பறவையின் குரலையும் பிறவற்றின் அபாய ஒலியையும் பெரும்பாலும் ஆபத்து நேரத்தில்தான் எடுக்கிறது என்பதும் அங்கே கவனிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பருந்துக் குரலைக் கேட்ட நேரத்தில், அது உங்களைப் பார்த்துத்தான் எச்சரித்தது என்று கொள்ள இடமுண்டு.

இன்னொரு செய்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவையின் குரல் உறுப்பு நமக்கு இருப்பதுபோலத் தொண்டையின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவையில் இருக்கிறது. பாடும் பறவைகளில் இரு பக்கமும் தனித்தனியே இயங்க வல்லவை என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்ப முடிகிறது. கரிச்சான் குரலுக்குள் ஏதோ உலோகம் உரசுவதுபோலக் கேட்டால், உங்கள் காதில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால் அது பக்கத்தில் வந்து நிற்கிறது, படம் எடுக்க எளிதாக இருக்கிறது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியும் வைத்திருக்கிறேன். இவற்றைப் பற்றி உங்கள் கருத்து என்ன? (திருப்பூர் வாசகர்)

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் நம்பாதீர்கள்.

முதலாவதில் நானே தவறு செய்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வளைந்த மஞ்சள் அலகும் வெண்புருவமும் கொண்ட சிலம்பன் ஒன்று இருக்கிறது. ஆண், வெற்றுக் குடத்தில் ஊதியதுபோல ‘பூ-பூ-பூ-பூ’ என்று தொடங்கும். அதன் கடைசி ஒலி அடங்குவதற்கு முன்பே பெண் ‘க்ரூ’ என்று முடித்து வைக்கும். இரண்டும் இவ்வளவு நெருங்கி ஒலிப்பதால், ஒரே பறவை என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். இந்த இணைப் பாட்டை ஒரு சித்திரை மாதக் காலையில் நான் கைப்பேசியில் ஒலிக்கவிட்டேன். ஆண் உடனே வந்தது. என்னைச் சுற்றி இருந்த ஈச்சம்புதருக்குள் பத்து நிமிடம், அலகைத் திறந்தபடி, கிளைக்குக் கிளை தாவித் தன் எல்லைக்குள் புகுந்துவிட்ட அந்த ‘எதிரியை’த் தேடியது. நான் படம் எடுத்தேன். பெண் மட்டும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பது, திரும்பும்போது பாதையோரத்தில், வாயில் புழுவோடு தயங்கி நின்ற அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் நேரத்தில் அவற்றின் வீட்டு வாசலில் நின்று நான் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

மழைக்காட்டில் நனைந்த பறவைக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு. ஒருவர் செய்தால் போகட்டும் என்று விடலாம்; விடுமுறை நாளில் ஒரே வளைவில் நான்கு வண்டிகள் நின்று நான்கு கைப்பேசிகள் கூவினால் அந்தப் பறவை அந்த இடத்தைவிட்டே போய்விடக்கூடும்.

செயலியைப் பொறுத்தவரை, கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் வெளியிட்டிருக்கும் மெர்லின் போன்றவை கற்பவருக்கு நல்ல துணை. ஆனால் ஓடை இரைச்சலிலும் சொட்டும் மழையிலும் அவை தடுமாறும். துடுப்புவால் கரிச்சான் குக்குறுவானாகக் கூவினால், செயலியும் குக்குறுவான் என்று எழுதிவிடக்கூடும். செயலி சொன்ன பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பறவையை ஒருமுறை கண்ணால் பாருங்கள். முடியாவிட்டால், கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி வையுங்கள். நம் எழுத்துக்குக் குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் இருப்பது இந்த வேலைக்கு மிகவும் உதவுகிறது. வெண்கன்னக் குக்குறுவானை ‘குட்ரூ... குட்ரூ...’ என்று ஒருமுறை எழுதியவர் அதை மறப்பதில்லை. எழுத்துக்குக் கீழே, குரல் ஏறும் இடத்தில் மேல்நோக்கியும் இறங்கும் இடத்தில் கீழ்நோக்கியும் ஒரு கோடு இழுத்துவிட்டால், பாதிச் சுரக்குறிப்பு ஆயிற்று.

கேள்வி: தை மாதத்தில் வால்பாறையில் தலைக்கு மேலே நீராவி ரயில் போவதுபோல ஒலி கேட்டது. அது இருவாச்சி என்றார்கள். இறக்கைச் சத்தம் அவ்வளவு கேட்குமா? அதன் கூட்டைப் பார்க்க முடியுமா? (மேட்டுப்பாளையம் வாசகி)

பதில்: மேட்டுப்பாளையத்துக்காரர் ரயில் என்று சொன்னால் அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பெரிய இருவாச்சி ஒரு மீட்டர் நீளமுள்ள பறவை. பிற பறவைகளில், பறக்கும் பெரிய இறகுகளின் அடிப்பகுதியை இறக்கையின் உள்பக்கத்தில் சிறு இறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிகளில் அந்த மூடல் போதாது. இடைவெளிகள் வழியே காற்று சீறுவதால்தான் அந்த ஒலி. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வரும்போதே காதுக்கு எட்டிவிடும்.

தையில் நீங்கள் கேட்டது கூடு தேடும் பருவத்தின் தொடக்கமாக இருந்திருக்கலாம். பெருமரத்தின் பொந்துக்குள் பெண் புகுந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளேயே முட்டையிட்டு அடைகாக்கும் மாதங்களில், தாய்க்கும் பிறகு குஞ்சுக்கும் அந்தக் கீறல் வழியே உணவு கொண்டுவருவது ஆண்தான். பெரும்பாலும் அத்தி இனப் பழங்கள். தொண்டைக்குள் அடக்கிவந்த பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகின் நுனியில் உருட்டிக் கொடுக்கும். அந்த ஆண் செத்துப்போனால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

கூட்டைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வழி சொல்ல மாட்டேன். இணையத்தில் ஒரு கூட்டு மரத்தின் படம் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் கூட்டம். சாலையோரமாக நிற்கும்போது பழத்தோடு வந்த ஆண் எதிர்மரத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்காமல் இருந்தால், காரணம் நீங்கள்தான் என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். இருவாச்சியை நன்றாகப் பார்க்கக் கூடு தேவையில்லை. பழுத்த அத்தி மரம் ஒன்று போதும். காலையில் போய்த் தள்ளி உட்காருங்கள். ரயில் தானாக வரும்.

கேள்வி: ஐப்பசி முதல் வாரத்தில், இரவு மழைக்குப் பின், எங்கள் வீட்டுத் திண்ணையில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த குட்டைவால் குருவி ஒன்று சோர்ந்து கிடந்தது. என் அப்பாரு அதை ஆறுமணிக் குருவி என்றார். தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லை, மறுநாள் இறந்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்? (உடுமலை வாசகர்)

பதில்: உங்கள் அப்பாரு சொன்ன பெயரே பெயர். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் வந்தது. நடு இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. பயணம் பெரும்பாலும் இரவில். உடுமலைக்கு மேலே உள்ள ஆனைமலைச் சரிவுகளிலும் அதற்கு அப்பாலும் உள்ள நிழற்காடுகளுக்குப் போகும் வழியில், மழையிலும் விளக்கு வெளிச்சத்திலும் திசை தடுமாறிச் சுவரிலோ சன்னல் கண்ணாடியிலோ மோதி விழுவது ஆண்டுதோறும் நடப்பது.

நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை. மோதலில் உள்காயம் பட்டிருந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை இப்படிக் கிடைத்தால், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழாயில் போய்விடும். அட்டைப் பெட்டி ஒன்றில் நாலைந்து துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடிவிடுங்கள். பூனையும் குழந்தைகளும் அண்டாத இருட்டான மூலையில் பெட்டி இருக்கட்டும். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். கிளியைப்போலக் கூண்டில் வளர்க்கலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். காட்டுப்பறவையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறக்கை தொங்கினாலோ இரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அடிபடாமல் வெறும் சோர்வாக இருந்தால், சில மணி நேரத்தில் பெட்டிக்குள் கால் பிறாண்டும் சத்தம் கேட்கும். பகலில் விட்டால் காக்கை துரத்தும். வெயில் தாழ்ந்த பிறகு, தோப்பில் சருகு உள்ள இடமாகப் பார்த்துப் பெட்டியைச் சாய்த்து வைத்து மூடியைத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளி நில்லுங்கள். அது உடனே பறக்காது. தத்தித் தத்தி வெளியே வந்து, குட்டை வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டு, சருகைக் கிளறத் தொடங்கும்.